பைப்படிக் கொப்பி

பின்னால் களனி கங்கை கடலில் விழுகிறது.
அது எங்களைக் கடந்து போகிற தண்ணி.
எங்களுக்குரியது
மேலே அம்பத்தளையில் பிடிபட்டு
குளோரின் குடித்து
நகரத்தின் வாசல் வாசலாய் நின்றுவிட்டு
இரவு இரண்டரைக்கு வந்து சேரும்,
வந்தால்.

மட்டக்குளி. நூற்று ஐம்பத்தேழாம் தோட்டம்.
நாற்பத்தாறு வீடு, ஒரு பைப்.
மாசியில் அது இருமத் தொடங்கியது.
முதலில் காற்று, பிறகு துரு,
பிறகு அதுவுமில்லை.

போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்வதால்
பிழையில்லாமல் எழுதுபவள் என்று எனக்குப் பெயர்.
மனு எழுதினேன், தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று.
மாநகர சபை சொன்னது:
தெரு எங்களது, தெருவுக்குக் கீழே ஓடுவது
நீர் வழங்கல் சபையினது.
நீர் வழங்கல் சபை சொன்னது:
குழாய் எங்களதுதான்,
ஆனால் பொதுப் பைப்புக்குக் காசு கட்டுவது மாநகர சபை,
கட்டுகிறவர் வந்து கேட்கட்டும்.
நிலம் யாருடையது என்று
மூன்றாவது கந்தோர் ஒன்று தானாகவே கேட்டது.
அதற்கு நாங்கள் மனுவே போடவில்லை.

வட்டார உறுப்பினரிடம் போகலாம் என்றால்
உறுப்பினர் இல்லை.
சபையின் காலம் முடிந்துவிட்டது,
தேர்தல் வைக்கக் காசில்லையாம்.
அவருடைய முகம் மட்டும் மதகுச் சுவரில்
பாதி உரிந்து, சிரித்தபடி.

டிக்சன் வந்தார்.
மாநகர சபையில் முப்பது வருடக் குழாய்க்காரர்,
சீருடை இல்லாமல், சொந்தச் சைக்கிளில்.
குதிக்காலால் தெருவைத் தட்டித் தட்டிப் போய்
ஓரிடத்தில் நின்றார்.
இரும்பு மூடியின் மேல் தார் கிடந்தது,
போன தேர்தலுக்கு முந்திய வாரம் ஊற்றியது.
சுரண்டினோம்.
"மூடி எங்கட. கீழ இருக்கிற வால்வு அவங்கட.
மூடியத் திறந்து தரலாம்.
வால்வத் தொட்டா என்ட வேல போயிரும்."
திறந்து தந்தார். பிறகு
தேத்தண்ணி குடிக்கப் போனார், வெகு நேரம்,
ஸ்பேனரை மறந்துவிட்டு.

சோமலதா இறங்கினாள்,
கருவாட்டு மூட்டை தூக்கிப் பழகிய கை.
கால் சுற்று. அரைச் சுற்று.
தெருவின் வயிற்றில் ஏதோ புரண்டது.

அன்றிரவே பைப்படிக்கு ஒரு கொப்பி வாங்கினோம்.
எண்பது பக்கம், ஒற்றை றூல்.
வீட்டுக்கு மூன்று வாளி, கைக்குழந்தை இருந்தால் நாலு.
நோன்பு முடியும் வரை ஜெஸீமா முன்னுக்கு வரலாம்,
சஹருக்கு நேரமாகும்.
தள்ளினால் கடைசிக்குப் போக வேண்டும்.
தள்ளியது யார் என்பதில் சண்டை வந்தால் வாக்கெடுப்பு,
வாளியை உயர்த்திக் காட்டி.
வெறும் வாளிக்குத்தான் வாக்கு.
நிறைந்த வாளியை
எண்ணி முடியும்வரை யாரால் தூக்கிப் பிடிக்க முடியும்?

ஆவணியில் நீர் வழங்கல் சபையிலிருந்து ஒருவர் வந்தார்.
இந்தத் தோட்டத்தில் தடை எதுவும் பதிவாகவில்லையே என்றார்.
கொப்பியைக் கொடுத்தேன்.
தேதி, நேரம், யார் யாருக்கு எத்தனை.
தண்ணி வராத இரவுகள் சிவப்புப் பேனையில்,
முப்பத்தொன்பது.
நின்றபடியே புரட்டியவர்
எங்கள் படியில் உட்கார்ந்து புரட்டினார்.
"இது எந்த நிறுவனத்தின் பதிவேடு?"
வரிசையின், என்றேன்.
"முத்திரை இல்லையே."
பக்கத்துக்குப் பக்கம் இருந்ததைக் காட்டினேன்:
வாளியின் அடி பதிந்த ஈர வட்டம்,
காய்ந்து,
மையைக் கொஞ்சம் கரைத்து.

பிரதி ஒன்று வேண்டும் என்றார்.
பக்கத்துக்குப் பத்து ரூபா, அது கடை விலை.
அந்தக் காசை
எந்தச் சபையின் கணக்கில் எழுதுவதென்று
இன்னும் முடிவாகவில்லை.